என் பூட்டுக்குள் ஒருவர்

என்ன சத்தம் அது. இழுத்து இழுத்து, தகரத்தை யாரோ நகத்தால் பிறாண்டுகிற மாதிரி, நடுவில் மூச்சு வாங்கிக்கொள்கிற மாதிரி ஒரு நிறுத்தம், பிறகு மறுபடியும். பாப்பாதான் என்று கை போயிற்று. இல்லை, அவள் தூங்குகிறாள், வாய் பிளந்து, மூக்கடைப்பில் மெல்லக் கொறகொறவென்று, நெற்றி சுடுகிறது, ஆனால் சாயங்காலம் சுட்ட மாதிரி இல்லை. நைட்டியின் முன்பக்கம் பாலில் நனைந்து குளிர்ந்து கிடக்கிறது. அப்படியானால் பால் கொடுத்துக்கொண்டே சுவரில் சாய்ந்தபடி நான் தூங்கிப் போயிருக்கிறேன், விளக்குக்கூடப் போடாமல், வெளிச்சம் இருக்கும்போது உட்கார்ந்தவள். கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மறுபடி அந்தச் சத்தம். பூனை இவ்வளவு நேரம் ஒரே சுருதியில் கத்தாது. மனுஷர் என்றால், வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம். பாப்பாவைப் பாயில் கிடத்தி இரண்டு பக்கமும் தலையணை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து படி முகப்பில் நின்றேன். தை மாதப் பனி. குவார்ட்டர்ஸ் முழுக்க இருட்டு. கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது, பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிற ஸ்டெல்லா அக்கா சாயங்காலம் அவளை என் கையில் கொடுத்த கையோடு தஞ்சாவூர் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் சிமெண்ட் ஆலை எப்போதும்போல எல்லா விளக்கையும் எரியவிட்டுக்கொண்டு நிற்கிறது. காதைக் கொடுத்தேன். கீச்சென்று எழுகிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை விட்டு எழுகிறது, அப்படியென்றால் சுற்றுகிற ஏதோ ஒன்று. உலர்ந்த பேரிங். உலர்ந்தது கீச்சிடும், உடைந்தது தட்டும், கிரீஸ் அளவுக்கு மேல் போனது ஒன்றும் சொல்லாமல் சூடாகிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புக்கல் பெல்ட்டின் அடி ரோலர்களில் ஏதோ ஒன்று, இன்றைக்கு நான் கிரீஸ் அடித்திருக்க வேண்டிய வரிசை, அடிக்காமல் ஓடி வந்தேன். ரோலர்தான். மனுஷர் இல்லை. அப்புறம்தான், கேட்க வேண்டிய இன்னொன்று கேட்கவில்லை என்பது உறைத்தது. கிளிங்கர் லைன். சூளையில் சுட்டுக் கருகி வருகிற உருண்டைகளை இரும்புத் தட்டுகளில் ஏற்றிக்கொண்டு, ரயில் தொலைவில் போவதுபோல ராத்திரி பூராவும் உருளுமே, அது உருளவில்லை. நின்றே இருக்கிறது. நின்றே இருக்கிறது என்றால் என் பூட்டு இன்னும் அதில் தொங்குகிறது. பூட்டு தொங்குகிறது என்றால் சாவி. நைட்டிக்குள் கையை விட்டேன். ஊக்கில் கோர்த்து உள்பாடியோடு குத்தியிருக்கிறது, வேலைச் சட்டையைக் கழற்றும்போது பழக்கத்தில் நானே மாற்றிக் குத்தியிருக்க வேண்டும், ஞாபகமே இல்லை. என் உடம்பின் சூட்டில் அதுவும் சூடாக இருந்தது.

ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. எங்கள் மெயின்டனன்ஸில் முதல் நாள் கற்றுக்கொடுப்பது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் போகப்போக. மெஷினில் கை வைக்கும் முன்னால் அதன் ஸ்விட்சை இறக்கி, இறக்கிய பிடியில் உன் சிவப்புப் பூட்டைப் போடு, சாவியை உன் உடம்பில் வைத்துக்கொள், வேலை முடிந்து நீ வெளியே வந்து நீயே திறக்கிற வரைக்கும் முதலாளியே வந்தாலும் அது ஓடாது. என் பூட்டில் என் போட்டோ ஒட்டியிருக்கிறது, கல்யாணத்துக்கு முன் எடுத்தது, கன்னம் ஒட்டி, ஜெசிந்தா மேரி, லூப்ரிகேஷன். பூட்டு நிரந்தர ஆட்களுக்குத்தான். கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கிடையாது, தினம் ஆள் மாறும், எத்தனை பேருக்குப் பூட்டு வாங்கிக் கொடுப்பது என்று கேட்பார்கள். அதனால் அவர்கள் எங்களில் யாராவது ஒருவருடைய பூட்டுக்குள் போவார்கள். காலையில் டீக்கடையில் பேச்சே அப்படித்தான். "இன்னைக்கு யாரு பூட்டுக்குள்ள?" "ஜெசி மேடம் பூட்டுக்குள்ள." "நல்ல பூட்டுடா, துருப்பிடிக்காத பூட்டு." சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இன்றைக்கு என் பூட்டுக்குள் ஒருவர்தான், அடைக்கலம் அண்ணன், ஐம்பது தாண்டியவர், என்னோடு வர வேண்டிய இன்னொரு ஆள் வரவில்லை. கிளிங்கர் லைன் தரைக்குக் கீழே சுரங்கத்தில் ஓடுகிறது, டனல் என்போம், நீளமாகப் போய் நடுவில் ஒரு வளைவு வளைந்து அப்புறம் மேலே ஏறும். தட்டுத் தட்டாகக் கோர்த்த சங்கிலி, ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரங்கள், ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு பேரிங். ஒவ்வொன்றுக்கும் முழங்காலிட்டு கிரீஸ் கன்னை மாட்டி அழுத்த வேண்டும், பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி, அப்புறம் புதுசு தேன் நிறத்தில் நூலாக வரும்வரை, வந்ததும் நிறுத்த வேண்டும், ஆசைப்பட்டு இன்னொரு அழுத்து அழுத்தினால் சீல் பிய்த்துக்கொள்ளும். மதியத்திலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தோம், அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அப்போதுதான் ஸ்டெல்லா அக்காவின் போன். பாப்பா குடித்ததையெல்லாம் கக்கிவிட்டாள், உடம்பு நெருப்பாகச் சுடுகிறது, நான் பஸ்ஸைப் பிடிக்கணும் ஜெசி. டனல் வாசலில் நின்று பேசினேன். வளைவுக்கு இந்தப் பக்கம் முடிந்திருந்தது, அந்தப் பக்கம் பாதி மிச்சம். அவர் காதருகில் போய்க் கத்தினேன், அப்படித்தான் அவரிடம் பேச முடியும். "அண்ணே, பாப்பாவுக்கு முடியல, நான் போயிட்டு வந்துர்றேன்." "போங்க மேடம், போங்க, பூட்டு இருக்குல்ல, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்." "முடிச்சதும் கன்ட்ரோல் ரூம்ல ஒரு வார்த்தை சொல்லிருங்க." தலையை ஆட்டினார். கேட்டுத்தான் ஆட்டினாரா. ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்று நினைத்துத்தான் ஓடினேன். பாராசிட்டமால் சொட்டு ஊற்றி, நெற்றியில் ஈரத்துணி போட்டு, ஒரு வாய் பால் கொடுத்து அவள் கண் அசந்ததும் யாரிடமாவது விட்டுவிட்டு, யாரிடம் விட்டுவிட்டு என்று யோசித்துக்கொண்டிருந்த இடத்தில்தான் தூக்கம் வந்து மூடியிருக்கிறது.

போன் தலையணைக்கு அடியில் கிடந்தது, சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன், பாப்பா முழித்துக்கொள்வாள் என்று. வரிசையாகப் பரணிதரன் சார், பரணிதரன் சார், நடுவில் ஓமனிலிருந்து என் வீட்டுக்காரர் பிரிட்டோ, அப்புறம் மறுபடி பரணிதரன் சார். ராத்திரி ஷிஃப்டின் இன்ஜினியர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை மறுபடி எரிந்தது. எழுந்து நின்றுகொண்டுதான் எடுத்தேன், ஆபீசர் பேசினால் உட்கார்ந்து பேச வருவதில்லை. "ஜெசிந்தா, என்னங்க இது, எத்தனை தடவை அடிக்கிறது? பூட்டைப் போட்டுட்டு சாவியோட வீட்டுக்குப் போயிட்டீங்க." "சாரி சார், பாப்பாவுக்கு ஃபீவர்." "அது சரி, அது சரி. கிளிங்கரை வெளிய மைதானத்துல கொட்டிக்கிட்டு இருக்கேன் இப்ப, டிப்பர் வெச்சு. விடிஞ்சா பிளான்ட் பெரியவர் வந்து கேப்பாரு. செக்யூரிட்டி கலியமூர்த்திய அனுப்பறேன், சாவியக் குடுத்துவிடுங்க." "சார், அடைக்கலம் அண்ணன் வந்து சொன்னாரா?" "எந்த அடைக்கலம்?" எந்த அடைக்கலம். எட்டு வருஷமாக இந்த ஆலையின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் கிரீஸ் வைக்கிறவர். "கான்ட்ராக்ட் ஆளுங்க எல்லாம் ஷிஃப்ட் முடிஞ்சதும் அவுட் பஞ்ச் ஆயாச்சு, கேட்டுல பாத்துட்டேன்." "சார், மேஸ்திரி எல்லார் கார்டையும் சேர்த்துத் தட்டிவிட்டுருவாரு சார், ஓவர்டைம் வரக்கூடாதுன்னு. ஆளு உள்ள இருந்தாலும் கார்டு வெளிய போயிரும்." அவருக்கும் அது தெரியும், தெரியாத ஆள் யாருமில்லை. "டனல்லயும் பாத்தாச்சுங்க. லைட் அடிச்சு, பேர் சொல்லிக் கூப்பிட்டு. யாருமில்ல." "வளைவு தாண்டிப் போனீங்களா சார்?" என் குரல்தானா அது, எவ்வளவு மெல்லியதாக, எலி பேசுவதுபோல. "வாசல்ல நின்னு கூப்பிட்டா அந்தக் கோடி வரைக்கும் கேக்கும்." "அவருக்குக் கேக்காது சார்." "இங்க பாருங்க, நான் என்ன ஆள் இருக்கும்போது மெஷினை ஓடவிடவா போறேன்? கலியமூர்த்தி வர்றான்." வைத்துவிட்டார்.

அவருக்குக் கேட்காது. இரண்டு காதும் போய்விட்டது, முன்பு, இரும்புக் குண்டுகள் உருண்டு அரைக்கிற பால் மில்லுக்குப் பக்கத்திலேயே ஐந்து வருஷம் நின்றவர். அந்தக் காதை வைத்துக்கொண்டு என்னைவிட நன்றாகப் பேரிங் கேட்பார் என்பதில்லை, கேட்கவே மாட்டார், என் கையில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து "நீங்க வெச்சுப் பாருங்க மேடம், உங்களுக்குத்தான் பாட்டு தெரியும்" என்பார். நான் பிடியைத் தாடை எலும்பில் வைத்து நுனியைப் பேரிங்கின் கூட்டில் ஊன்றிக் கேட்பேன், கண்ணை மூடிக்கொண்டு, அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், என் முகம் சுளிக்கிறதா என்று. அவருக்கு ஒரு பழக்கம், வேலை முடிந்ததும் தட்டின் மேலேயே காலை நீட்டிப் படுத்துவிடுவார், டனலில் சமமான இடம் அந்தத் தட்டுகள்தான். நின்று வெகுநேரம் ஆனாலும் இரும்பில் கிளிங்கரின் சூடு விடாது, முதுகுக்கு ஒத்தடம் மாதிரி இருக்குமாம், பனிக்காலத்தில் சொல்லவே வேண்டாம். "வீட்ல கட்டில் இருக்குதுண்ணே," என்று சொன்னால், "கட்டிலுக்குச் சூடு ஏது மேடம்" என்பார். இன்றைக்குப் பனி. தனியாக, என் வேலையையும் சேர்த்துச் செய்திருக்கிறார். முடித்திருப்பார், முதுகு விண்விண்ணென்று வலித்திருக்கும், கொஞ்ச நேரம் என்று சாய்ந்திருப்பார், என்னைப் போலவே, நான் சுவரில் சாய்ந்தேன், அவர் தட்டில் சாய்ந்தார், பூட்டுதான் இருக்கிறதே. அல்லது முடித்துவிட்டுக் கைகால் கழுவி, கன்ட்ரோல் ரூமில் சொல்ல மறந்து, சொல்லத் தோன்றாமல், வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று போர்வைக்குள் கிடக்கிறார், நான் இங்கே நடுங்கிக்கொண்டு நிற்கிறேன். இதில் எது. தட்டு நகரத் தொடங்கும்போது முதலில் மெதுவாகத்தான் நகரும், தூங்குகிற ஆளுக்குத் தாலாட்டுவதுபோலக்கூட இருக்கும், வளைவில் ஓரத் தகடு உள்ளே நெருங்கி வருகிறது, அங்கே ஒரு கை நுழைகிற சந்து, போதும், போதும் ஜெசி. பாப்பா சிணுங்குகிறாள். தட்டிக் கொடுத்தேன். என் விரல்கள் கறுப்பாகவே இருக்கின்றன, மண்ணெண்ணெய் போட்டு, சோப்புத்தூள் போட்டு, எலுமிச்சைத் தோலால் தேய்த்தும் நகக்கண்ணில் அது போவதில்லை, அந்தக் கையாலேயே தட்டிக் கொடுக்கிறேன், அவள் மறுபடி மூச்சு சீராகித் தூங்குகிறாள்.

போர்டிங்கில் இருந்தபோது கீழ்ப்படிதலுக்கு எனக்குப் பரிசு கொடுத்தார்கள், ஒன்பதாம் வகுப்பில், கண்ணாடிச் சட்டம் போட்ட குழந்தை இயேசு படம். நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வரிசையில் நின்றேன், மணி அடித்தால் எழுந்தேன், மணி அடித்தால் படுத்தேன், சாப்பாட்டறையில் பேசாதே என்றால் பேசவில்லை, சிஸ்டர் "யெஸ் ஆர் நோ?" என்று கேட்டால் யெஸ் சிஸ்டர் என்பதைத் தவிர வேறு பதில் என் தொண்டையில் இருந்ததே இல்லை, அதற்குத்தான் கொடுத்திருப்பார்கள். டிப்ளமோவில் மெக்கானிக்கல் எடுத்ததுகூட அப்பா எடுக்கச் சொன்னதால். இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று, பொம்பளப் புள்ள கிரீஸ் கன் தூக்குமா என்று சிரித்தவர்களுக்கும் யெஸ் சார் என்றேன். பிரசவ லீவு முடிந்து வந்து இன்னும் சரியாக மூச்சுக்கூட விடவில்லை, அதற்குள் தினமும் மதியம் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும்போது பெண்கள் கழிவறையில் நின்று பாலைப் பீய்ச்சி வாஷ்பேசினில் விடுகிறேன், தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, யாருக்கும் கேட்காமல். யாருக்கும் தொந்தரவில்லாமல் இருப்பதற்கே நாளில் பாதி பலம் போய்விடுகிறது. சாவியைக் கொடுத்துவிட்டால் தூங்கலாம். அதுதான் உண்மை. நீதி நியாயம் எதுவும் தோன்றவில்லை, கொடுத்துவிட்டால் பாப்பாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம், விடிகிற வரைக்கும் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பதுதான் தோன்றுகிறது. அவர் பார்த்துவிட்டேன் என்கிறார், படித்த மனுஷர், அவரும் பிள்ளை பெற்றவர். பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் பார்த்தார் என்றுதானே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வளைவு தாண்டிப் போனீர்களா என்றதற்கு அவர் போனேன் என்று சொல்லவில்லையே. கேட்கும் என்றார். போனேன் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் இந்நேரம் கொடுத்திருப்பேன்.

பிரிட்டோ மறுபடி அழைத்தார். அங்கே இன்னும் ராத்திரி இளசு, கேம்ப்பில் யாரோ டிவி பார்க்கிற சத்தம். "பாப்பாவுக்கு எப்படி இருக்கு?" "குறைஞ்சிருக்கு." "நீ சாப்டியா?" சாப்பிட்டேனா, இல்லை, ஆமாம் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், துண்டு துண்டாக, முன்னுக்குப் பின் முரணாக. கேட்டுக்கொண்டே இருந்தார், அவருக்கு மெஷின் புரியும், வெல்டர். "ஜெசி, சாவியக் குடுத்துரு." "அவரு உள்ள இருந்தா?" "இன்ஜினியர் பொறுப்புல குடுக்குற. வாங்கிக்கிட்டது அவரு. நாளைக்கு ஒண்ணுன்னா அவரு பதில் சொல்லட்டும்." "பதில் சொல்லி?" "ஏய், நீ பாதி வேலையில விட்டுட்டு வந்துருக்க, அது தெரியுமா உனக்கு? ஆளை உள்ள வெச்சுட்டு வெளிய வந்துருக்க. கேஸ்னு வந்தா முதல்ல உன் பேருதான்." தெரியும். சொல்லத்தான் வேண்டுமா. "நான் என்ன பண்றதுங்க, புள்ள வாந்தி எடுத்துச்சு." "சரி அழாத. அழாத. நான் சண்டையா போடுறேன்? இங்க உக்காந்துகிட்டு நான் என்ன பண்ண முடியும் சொல்லு. குடுத்துட்டுப் படு." பாப்பாவைக் காட்டச் சொன்னார். போன் வெளிச்சத்தில் காட்டினேன். அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பக்கம் யாரோ சோறு போட்டுவிட்டதாகக் கூப்பிட்டார்கள். எனக்காகத்தான் சொல்கிறார். பாதி வேலையில் வந்தவள் என்பது வெளியே தெரியாமல் போக வேண்டுமென்றால் லைன் ஓட வேண்டும், ஓடிவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஓடிவிட்டால், அவர் உள்ளே இல்லாமலும் இருந்துவிட்டால்.

மேஸ்திரிக்குப் போட்டேன். அடித்து அடித்து நின்றது, மறுபடி போட்டேன், குடித்த குரல். "யாரு?" "ஜெசிந்தா, லூப்ரிகேஷன். அடைக்கலம் அண்ணன் உங்க ஆளுங்க வண்டியில வந்தாராங்க?" "வந்துருப்பான்மா." "நீங்க பாத்தீங்களா?" "ராத்திரியில எந்த ஆளு எந்த வண்டியில ஏறுனான்னு நான் எண்ணிக்கிட்டா இருப்பேன்? கார்டு தட்டியாச்சு. வந்துருப்பான்." அடைக்கலம் அண்ணனிடம் போன் கிடையாது, காது கேட்காதவருக்குப் போன் எதற்கு. அவர் ஊர் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே, வீடு எதுவென்று தெரியாது, மனைவி பெயர் என்ன, ஏதோ சொல்லியிருக்கிறார், மாரியாயி, மாரிக்கண்ணு, எட்டு மாத வயிற்றோடு நான் கன்னைத் தூக்கும்போதெல்லாம் பிடுங்கிக்கொண்டு "என் சம்சாரத்துக்கு ஏழாவது மாசத்துலயே நான் தண்ணிக் குடத்தைத் தொடவிடல" என்று சொன்னாரே, அப்போது பெயரும் சொன்னார். பாப்பாவைத் துண்டில் சுற்றி நானே போய்விட்டால் என்ன. பனி. காய்ச்சல். கைக்குழந்தையோடு கேட்டுக்குள் விடமாட்டார்கள், விட்டாலும் டனலின் தூசியில் இந்த மூக்கடைப்பை எப்படிக் கொண்டுபோவது, வாசலில் யாரிடம் கொடுத்துவிட்டு வளைவுக்குள் போவது. பரணிதரன் சாரிடமா. இங்கேயே விட்டுவிட்டு ஓடினால், தலையணை இருக்கிறது, ஆனால் இப்போது புரள ஆரம்பித்திருக்கிறாள், முந்தாநாள்தான் குப்புற விழுந்து முகத்தைத் தூக்கத் தெரியாமல் கத்தினாள். ஒரு பிள்ளையை விட்டுவிட்டு ஓடினால்தான் ஒருவரைப் பார்க்க முடியும், ஒருவரை விட்டுவிட்டு ஓடி வந்ததால்தான் பிள்ளையைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கால் போய்க்கொண்டே இருக்கிறது, உடம்பு நடுவில் நின்ற இடத்தில் நிற்கிறது. தண்ணீர் குடித்தேன். பால் மறுபடி கட்ட ஆரம்பித்துவிட்டது, அக்குள் வரைக்கும் நரம்பு இழுக்கிறது.

டிவிஎஸ் வண்டியின் சத்தம் கீழே வந்து நின்றது. கலியமூர்த்தி அண்ணன், செக்யூரிட்டி, மஃப்ளரைத் தலையோடு கட்டிக்கொண்டு படியேறி வந்தார், திறந்திருந்த கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு இருமினார். "பாப்பா தூங்குதா?" "தூங்குது." "தங்கச்சி, சாவியாம். சார் வாங்கியாரச் சொன்னாரு." நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றேன், ஊக்கு உள்ளங்கையில் அழுந்தியது. "அண்ணே, அடைக்கலம் அண்ணன் வெளிய போனதைப் பாத்தீங்களா?" "நான் ராத்திரி ட்யூட்டிக்குத்தானேம்மா வந்தேன், எனக்கு முன்னால போயிருப்பான்." "அவரு சைக்கிள்ளதானே மெயின் ரோடு வரைக்கும் போவாரு, அங்க வெச்சுட்டுத்தானே வண்டி ஏறுவாரு." மஃப்ளரின் நுனியை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சைக்கிள் ஸ்டாண்டுல இருக்குதாண்ணே?" "நிக்குதும்மா ஒண்ணு. பின்னாடி சாக்கு கட்டுன சைக்கிள்." "அவருதுதான்." "அட, சில நாளு டிப்பர்ல ஏறிப் போயிருவான்மா, சைக்கிள அப்படியே போட்டுட்டு. நேத்துகூட ஒருத்தன் போட்டுட்டுப் போனான்." சொல்லிக்கொண்டே தரையைப் பார்த்தார். அவருக்கும் சம்பளம் அந்த சார் கையெழுத்தில்தான். "எனக்கு எதுக்கும்மா, வாங்கியான்னாங்க, வந்தேன். இல்லேன்னா இல்லேன்னு போய்ச் சொல்லணும், அவரு என்னைத்தான் திட்டுவாரு, பொம்பளகிட்ட சாவி வாங்கத் துப்பில்லையான்னு." "அண்ணே, நீங்க உள்ள போய்ப் பாக்க முடியுமா?" "டனலுக்குள்ளயா? செக்யூரிட்டி பிளான்ட்டுக்குள்ள கால வைக்கக்கூடாதும்மா." "வளைவு வரைக்கும் போயி, திரும்பி ஒரு டார்ச் அடிச்சாப் போதும். தட்டு மேல பாருங்க. தட்டு மேல படுத்துருப்பாரு. கூப்பிடாதீங்க, கேக்காது, காலைத் தொட்டு எழுப்புங்க." அவர் உள்ளே எட்டிப் பார்த்தார், பாயில் இரண்டு தலையணைகளுக்கு நடுவில் பாப்பா, பிறகு என் நனைந்த நைட்டியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சாவியக் குடுத்தா இப்பவே லைன ஓடவிட்டுருவாருதான்," என்றார், எனக்கில்லாமல் தனக்குச் சொல்லிக்கொள்வதுபோல. "பெரியவர் வர்றதுக்குள்ள லைன் ஓடணும்னு குதிக்கிறாரு." மஃப்ளரை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். "சரி. நான் பின்பக்கமா போயிப் பாக்குறேன். பாத்துட்டு நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் யாரு வந்து கேட்டாலும், அவரே வந்தாலும், என்கிட்ட குடுத்துட்டேன்னு மட்டும் சொல்லிறாத தாயி. என் வேல போயிரும்." இறங்கிப் போனார். வண்டியைக் கிளப்பாமல் தள்ளிக்கொண்டே போனார், தெருமுனை தாண்டி ஆனபிறகுதான் எஞ்சின் கேட்டது.

போன். நிற்கவில்லை இந்தத் தடவை, பாப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தபடியே எடுத்தேன். "கலியமூர்த்திகிட்ட குடுத்தாச்சா?" "இல்ல சார்." "இல்லன்னா?" "குடுக்கல சார். அடைக்கலம் அண்ணனை என்கூடப் பேசச் சொல்லுங்க. பேசுனா குடுக்கறேன்." "இந்த நேரத்துல அவனை எந்த ஊர்ல போயித் தேடுறது? நீ என்ன விளையாடுறியா? வேலைய நடுவுல போட்டுட்டு ஓடுனது நீ. நான் எழுதுனேன்னா நாளைக்கு கேட்டுக்குள்ள வர முடியாது, புரியுதா?" நீங்க போய் நீ வந்துவிட்டது. "எழுதுங்க சார்." நகர்ந்திருந்த தலையணையைப் பாப்பாவோடு சேர்த்து அணைத்தேன். "நடுவுல விட்டுட்டு வந்தேன்னு எழுதுங்க, அது நெசம்தான். அவரை உள்ள வெச்சுட்டு வந்தேன்னும் சேர்த்து எழுதுங்க." "பைத்தியமா உனக்கு. பூட்டை அறுக்க எனக்கு எவ்வளவு நேரமாகும்?" "பெரியவர் கையெழுத்து வேணும் சார். கையெழுத்துக்கு முன்னால அந்தக் கோடி வரைக்கும் ஆள் நடந்து பாக்கணும்." அந்த விதியை அவர்தான் எங்களுக்கு வகுப்பெடுத்தார். "நானே வர்றேன்," என்றார், வைத்துவிட்டார். வரட்டும். வந்து கத்துவார், கீழே நின்று கத்தினால் குவார்ட்டர்ஸ் முழுக்க விளக்கு எரியும், மேலே வந்து கத்தினால் என்னால் முகத்தைப் பார்த்து மறுக்க முடியாது, எனக்குத் தெரியும், முகத்தைப் பார்த்தால் கை தானாக ஊக்கைக் கழற்றிவிடும், கொடுத்துவிட்டு சாரி சார் என்றும் சொல்லிவிடும். இப்படிப்பட்ட கை இது. ஜீப்பின் விளக்கு தண்ணீர்த் தொட்டியருகே திரும்புகிறது, சுவரில் ஜன்னல் கம்பிகளின் நிழல் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் ஓடுகிறது. கலியமூர்த்தி அண்ணன் இந்நேரம் டனல் வாசலுக்குப் போயிருப்பாரா, பின்பக்கம் சுற்று வழி, டார்ச்சில் பேட்டரி இருக்குமா, வளைவு வரைக்கும் போக அவருக்கு நேரம் வேண்டும், எழுப்பவும் நேரம் வேண்டும். பாப்பா கண் திறந்துவிட்டாள், அழவில்லை, விளக்கைப் பார்க்கிறாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். ஜீப் கீழே நின்று கதவு அடிபடுகிறது. பூட்ஸ் கால் முதல் படியில். எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாள் பாதியில் சிக்கிக்கொண்டது, பனியில் மரம் ஊதியிருக்கிறது, முழங்காலால் கதவை முட்டித் தூக்கிப் பிடித்து ஒரு கையால் தள்ளினேன், நகரவில்லை, கால் சத்தம் பாதிப் படி வந்துவிட்டது, இன்னொரு தடவை முட்டித் தூக்கினேன், ஓட்டைக்கு நேராக வந்தது, தாழ்ப்பாள் கடைசி வரைக்கும் உள்ளே போயிற்று.